புற்றுநோயைத் தேடும் கணினி: கண்காணிப்பது யார்?

புதுதில்லி: வாக்குப்பதிவு நாளன்று காலையில், முதல் வாக்காளர் உள்ளே நுழைவதற்கு முன்பாகவே ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் ஒரு சோதனை நடந்து முடிந்துவிடுகிறது. கட்சி முகவர்கள் முன்னிலையில் மின்னணு இயந்திரத்தில் குறைந்தது 50 மாதிரி வாக்குகள் பதிவு செய்யப்படுகின்றன. பதிந்ததும் எண்ணியதும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்து, அவற்றை அழித்த பிறகே உண்மையான வாக்குப்பதிவு தொடங்குகிறது. வாக்கு எண்ணிக்கையின்போதும் ஒவ்வொரு சட்டப்பேரவைத் தொகுதியிலும் 5 சாவடிகளின் ஒப்புகைச் சீட்டுகள் தனியாக எண்ணிச் சரிபார்க்கப்படுகின்றன. இதுவும் போதாது என்று நாடாளுமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் ஆண்டுக்கணக்கில் வாதங்கள் நடந்துள்ளன.

ஒரு பெண்ணுக்குப் புற்றுநோயின் அறிகுறி இருக்கிறதா, இல்லையா என்று முடிவு செய்வதில் மருத்துவருக்குத் துணை நிற்கும் கணினிக்கு இப்படியொரு மாதிரி வாக்குப்பதிவு உண்டா? அது ஒதுக்கித் தள்ளியதை மீண்டும் எண்ணிப் பார்க்கச் சட்டம் கட்டாயப்படுத்துகிறதா? நாடு முழுவதற்கும் பொருந்தும் அத்தகைய கட்டாய விதி இந்தியாவில் இல்லை என்பதுதான் இன்றைய நிலை.

உடலிலிருந்து எடுக்கப்பட்ட செல்களைக் கண்ணாடி ஸ்லைடில் பரப்பி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்து நோயைக் கண்டறிவது செல்லியல் சோதனை. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான "பாப் ஸ்மியர்' இதில் பரவலாக அறியப்பட்டது. இப்போது ஸ்லைடைப் படமெடுத்து, செல் உட்கருவின் பருமன், வடிவம், அடர்த்தி ஆகியவற்றை அளந்து, சந்தேகத்துக்குரிய செல்களை மட்டும் திரையில் வரிசைப்படுத்திக் காட்டும் மென்பொருள்கள் வந்துவிட்டன. செயற்கை நுண்ணறிவு என்ற பெயரோடு இவை ஆய்வகங்களுக்குள் நுழைகின்றன. நோய்க்குறியியல் மருத்துவர்கள் மாவட்டத் தலைநகரங்களைத் தாண்டிச் செல்லாத ஒரு நாட்டில் இது வரவேற்கத்தக்கதே. ஆனால், அந்தக் கணினியின் தரத்தை அன்றாடம் சரிபார்ப்பது யார் பொறுப்பு என்ற கேள்விக்கு இன்னும் தெளிவான விடையில்லை.

ஒரே ஒரு வாய்ப்பு

கேள்வியின் கனம் புரிய வேண்டுமானால் முதலில் சில எண்களைப் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் சுமார் 1.27 லட்சம் பெண்களுக்குப் புதிதாகக் கருப்பை வாய்ப் புற்றுநோய் ஏற்பட்டது. ஏறத்தாழ 80 ஆயிரம் பேர் இறந்தனர். இத்தனைக்கும் இது திடீரென்று தாக்கும் நோயல்ல. ஹெச்பிவி வைரஸ் தொற்றில் தொடங்கி, செல்களில் மாற்றம் ஏற்பட்டு, அது புற்றாக முற்றுவதற்குப் பெரும்பாலும் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகிறது. இடைப்பட்ட காலத்தில் கண்டுபிடித்துவிட்டால் சிறிய சிகிச்சையிலேயே தடுத்துவிடலாம்.

கண்டுபிடிக்கத்தான் ஆளில்லை. 2019-21-இல் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 30 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் வாழ்நாளில் ஒரு முறையேனும் இந்தச் சோதனையைச் செய்துகொண்டவர்கள் வெறும் 1.9 சதவீதத்தினர். முன்னணியில் இருந்த தமிழ்நாட்டிலேயே இது 9.8 சதவீதம்தான்.

இந்தப் புள்ளிவிவரம் சோதனை போதாது என்பதோடு, தரம் பற்றிய ஒரு செய்தியையும் சொல்கிறது. மேலை நாடுகளில் ஒரு பெண் மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை சோதனைக்கு அழைக்கப்படுகிறார். ஒரு முறை தவறவிட்டதை அடுத்த முறை பிடித்துவிட வாய்ப்புண்டு. இங்கு முகாமுக்கு வந்து ஒரே ஒரு முறை சோதித்துக்கொள்ளும் பெண், "ஒன்றுமில்லை' என்ற சீட்டைப் பெற்றுக்கொண்டு வீடு திரும்பினால், அவரை அடுத்த முறை யாரும் அழைக்கப்போவதில்லை. அந்தச் சீட்டு பொய்யானால், அவருடைய வாழ்நாளுக்கும் அதுவே கடைசித் தீர்ப்பாகிவிடக்கூடும். சோதனை குறைவாக நடக்கும் நாட்டில்தான் ஒவ்வொரு சோதனையும் துல்லியமாக இருக்க வேண்டிய கட்டாயம் அதிகம்.

கண் சோரும் வேலை

முறையாகத் தயாரிக்கப்பட்ட ஒரு பாப் ஸ்லைடில் பல பத்தாயிரக்கணக்கான செல்கள் இருக்கும். ஆயிரக்கணக்கான செல்களேனும் தெளிவாகத் தெரிந்தால்தான் அந்த ஸ்லைடு சோதனைக்கு ஏற்றது என்றே கொள்ளப்படும். அத்தனை செல்களுக்கு நடுவே, மாறுபட்டவை ஒரு கைப்பிடி அளவு மட்டுமே இருக்கலாம். பெரும்பாலான ஸ்லைடுகளில் அதுவும் இருக்காது. நாள் முழுவதும் ஒன்றுமில்லாததையே பார்த்துக்கொண்டிருக்கும் கண், ஒன்று வந்து நிற்கும்போது அதைத் தவறவிடுவது மனித இயல்பு. கணினியின் துணையை நாடியதற்கு இதுவே காரணம். 1950-களிலேயே அமெரிக்காவில் இதற்காக ஓர் இயந்திரம் உருவாக்கிச் சோதிக்கப்பட்டது. அந்த முயற்சி வெற்றி பெறவில்லை.

1987-இல் அமெரிக்க நாளிதழான "வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' வெளியிட்ட கட்டுரைகள் இந்தத் துறையை உலுக்கின. ஸ்லைடுக்கு இவ்வளவு என்று கூலி பேசி, அளவுக்கு மீறிப் பார்க்கவைக்கும் ஆய்வகங்களில் புற்றுநோய் அறிகுறிகள் தவறவிடப்படுவதை நிருபர் வால்ட் போக்டனிச் அம்பலப்படுத்தினார். அடுத்த ஆண்டு அவருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. அதே 1988-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஆய்வகங்களுக்கான புதிய சட்டத்தை நிறைவேற்றியது.

அந்தச் சட்டத்தையொட்டி வந்த விதிகள் எண்ணிக்கையில் பேசுகின்றன. ஒருவர் ஒரு நாளில் 100 ஸ்லைடுகளுக்கு மேல் பார்க்கக் கூடாது. "நோயில்லை' என்று ஒதுக்கப்பட்டவற்றில் குறைந்தது 10 சதவீதத்தைத் தகுதியுள்ள வேறொருவர் மீண்டும் பார்க்க வேண்டும், அந்தப் பத்து சதவீதத்தில் நோய் வாய்ப்பு அதிகமுள்ள பெண்களின் ஸ்லைடுகளும் இடம்பெற வேண்டும். ஒரு பெண்ணுக்குத் தீவிரமான மாற்றம் கண்டறியப்பட்டால், முந்தைய ஐந்தாண்டுகளில் அவருக்கு "நோயில்லை' என்று சொன்ன ஸ்லைடுகளை எடுத்து மறுபடியும் ஆராய வேண்டும். ஒரு நாளிதழின் செய்தி சட்டமானது இப்படித்தான்.

காவலாளி உரிமையாளரான கதை

இயந்திரங்கள் இந்தக் களத்துக்குள் வந்தது மனிதரைச் சரிபார்ப்பதற்காகத்தான் என்பது குறிப்பிடத்தக்கது. 1995-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இரண்டு இயந்திரங்களுக்கு அனுமதி அளித்தது. இரண்டுக்குமே வேலை, மனிதர்கள் "நோயில்லை' என்று சொன்ன ஸ்லைடுகளை மறுபார்வை பார்ப்பது. அவற்றில் "பாப்நெட்' என்ற இயந்திரம் ஒவ்வொரு ஸ்லைடிலும் சந்தேகத்துக்கு இடமான 128 படங்களை எடுத்துத் திரையில் வைத்தது. முடிவை மனிதரே சொன்னார்.

மூன்றே ஆண்டுகளில் நிலைமை மாறியது. 1998-இல் "ஆட்டோபாப்' இயந்திரம் முதல் பார்வைக்கே அனுமதிக்கப்பட்டது. அதாவது, நோய் வாய்ப்பு மிகக் குறைவு என்று அது கருதும் ஸ்லைடுகளில், மொத்தத்தில் 25 சதவீதம் வரை, மனிதக் கண் படாமலேயே கோப்புக்குப் போய்விடலாம். ஆனால், அந்த அனுமதியோடு ஒரு நிபந்தனையும் வந்தது. எஞ்சியவற்றில் குறைந்தது 15 சதவீதத்தைத் தரக் கட்டுப்பாட்டுக்காக இரண்டாம் முறை பார்க்க வேண்டும். 2003-இல் வந்த "தின்பிரெப்' படக்கருவி ஸ்லைடுக்கு 22 இடங்களைத் தேர்ந்து காட்டியது. அவற்றில் சந்தேகம் எழுந்தால் மட்டும் முழு ஸ்லைடையும் மனிதர் பார்க்க வேண்டும்.

வேலை வேகமானது. வேகம் கூடியதும் பழைய நோய் திரும்பியது. ஒருவருக்கு ஒதுக்கப்படும் ஸ்லைடுகளின் எண்ணிக்கை உயர்ந்தது. 2010-இல் அமெரிக்க நிர்வாகம் தலையிட்டுக் கணக்கைத் திருத்த வேண்டியதாயிற்று. கணினி காட்டிய இடங்களை மட்டும் பார்த்தால் அரை ஸ்லைடு, முழுவதையும் பார்த்தால் ஒரு ஸ்லைடு, இரண்டையும் செய்தால் ஒன்றரை ஸ்லைடு என்று வேலைப்பளுவைக் கணக்கிட உத்தரவிடப்பட்டது. இயந்திரம் வந்த பிறகும் மனிதக் கண்ணின் சோர்வை அளக்க வேண்டியிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பிரிட்டனின் அனுபவமும் கவனிக்கத்தக்கது. மான்செஸ்டரில் 73 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2011-இல் "லான்செட் ஆன்காலஜி' இதழில் வெளியாயின. சிகிச்சை தேவைப்படும் அளவிலான மாற்றங்களைக் கண்டறிவதில், கணினி உதவியுடன் பார்த்தவர்களின் திறன், வழக்கமான முறையில் பார்த்தவர்களைக் காட்டிலும் 8 சதவீதம் குறைவாக இருந்தது. நேரம் மிச்சமானது, ஆனால், நோய் தவறியது. அன்றைய நிலையில் அந்த இயந்திரங்களைப் பயன்படுத்தப் பரிந்துரைக்க இயலாது என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தனர். இன்றைய மென்பொருள்கள் அவற்றைவிட மேம்பட்டவை என்பதில் ஐயமில்லை. ஆனாலும், சோதித்துப் பார்த்த பிறகே நம்ப வேண்டும் என்ற பாடம் பழையதாகிவிடவில்லை.

தவறு நுழையும் வாசல்கள்

கணினியின் தவறு பெரும்பாலும் கணினியில் தொடங்குவதில்லை. மாதிரி எடுக்கும் செவிலியரிடமே அது தொடங்கிவிடலாம். ஸ்லைடில் பரப்பிய செல்களை உடனடியாக ஆல்கஹாலில் நனைக்காவிட்டால் அவை காற்றில் உலர்ந்து உப்பிவிடும். வெயில் காயும் ஒரு கிராமத்து முகாமில் சில நொடித் தாமதமே போதும். உப்பிய உட்கருவை நோயுற்ற உட்கரு என்று கணினி கருதலாம்.

அடுத்தது சாயம். ஒரே செய்முறையைப் பின்பற்றினாலும் ஓர் ஆய்வகத்தின் நீலம் இன்னோர் ஆய்வகத்தின் நீலமாக இருப்பதில்லை. பழைய சாயம், தண்ணீரின் தன்மை, ஊறவைத்த நேரம் என எல்லாவற்றாலும் நிறம் மாறும். அனுபவமுள்ள மருத்துவரின் கண் அதை அனுசரித்துக்கொள்ளும். ஓரிடத்து ஸ்லைடுகளைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட மென்பொருள், வேறிடத்து நிறத்தைப் பார்த்துத் தடுமாறும். மூன்றாவதாக, படமெடுக்கும் கருவி. செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்துள்ள இடத்தில் ஓர் அடுக்கு தெளிவாகத் தெரிந்தால் மற்றது மங்கலாகிவிடும். மங்கலான படத்தில் கணினி எதையும் காணாது; காணாததை "இல்லை' என்றே சொல்லும்.

நான்காவது, மென்பொருள் மாற்றம். நேற்றிரவு இணையம் வழியே புதிய பதிப்பு வந்து சேர்ந்தால், நேற்று வரை சரிபார்த்து வைத்த கணக்கு இன்று செல்லாது. ஐந்தாவது, மனித மனம். கணினி பச்சை விளக்குக் காட்டிய ஸ்லைடைப் பார்க்கும் மருத்துவரின் கண் தானாகவே தளர்ந்துவிடுகிறது. இரண்டு காவலர்கள் இருக்கும் இடத்தில், மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருவருமே உறங்கிவிடும் நிலைதான் இது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வேறுபாடு உண்டு. களைத்துப்போன ஒரு மருத்துவரின் தவறு அந்த ஆய்வகத்தோடு, அந்த நாளோடு நின்றுவிடும். ஒரு மென்பொருளில் உள்ள குறை, அதை வாங்கிய எல்லா ஆய்வகங்களிலும், எல்லா நாள்களிலும், ஒரே மாதிரியான செல்களை ஒரே மாதிரி தவறவிடும். யாரும் திரும்பிப் பார்க்காவிட்டால் அது வெளியே தெரியவும் வராது.

திரும்பிப் பார்ப்பதன் பொருளை ஓர் உதாரணக் கணக்கின் மூலம் விளக்கலாம். 10 ஆயிரம் பெண்கள் சோதிக்கப்படுவதாகவும், அவர்களில் 100 பேருக்குச் செல் மாற்றம் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். கணினி 90 பேரைச் சரியாகக் கண்டறிகிறது. 7,500 ஸ்லைடுகளை அது "ஒன்றுமில்லை' என்று ஒதுக்குகிறது. தவறவிடப்பட்ட 10 பேர் அந்த 7,500-க்குள் ஒளிந்திருக்கிறார்கள். பத்து சதவீதத்தை, அதாவது 750 ஸ்லைடுகளை மறுபடி பார்த்தால், சராசரியாக ஒருவர்தான் அகப்படுவார். "இதற்கு இவ்வளவு பாடா' என்று நிர்வாகிகள் கேட்கக்கூடும். அகப்பட்ட அந்த ஒருவர்தான், இன்னும் ஒன்பது பேர் உள்ளே இருக்கிறார்கள் என்பதைச் சொல்லும் சாட்சி. அடுத்த மாதம் 750-இல் மூவர் அகப்பட்டால், சாயத்திலோ, கருவியிலோ, மென்பொருளிலோ ஏதோ கெட்டுவிட்டது என்று பொருள். மறுபார்வை இல்லாத ஆய்வகத்துக்கு இந்த எச்சரிக்கை கிடைக்கவே கிடைக்காது.

மூன்று சட்டங்கள், ஓர் ஓட்டை

இந்தியாவில் சட்டங்களுக்குப் பஞ்சமில்லை. கருவி ஒரு சட்டத்தின்கீழ், ஆய்வகம் ஒரு சட்டத்தின்கீழ், அதில் பணிபுரிபவர் ஒரு சட்டத்தின்கீழ் வருகின்றனர்.

கருவியை எடுத்துக்கொண்டால், மருந்துகள் பொதுப்பட்டியலில் உள்ளன. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின்கீழ் 2017-இல் மருத்துவக் கருவிகள் விதிகள் வகுக்கப்பட்டன. 2020 ஏப்ரல் 1 முதல் மென்பொருள் உள்ளிட்ட எல்லா மருத்துவக் கருவிகளும் இந்தச் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டன. ஆபத்தின் அளவைப் பொறுத்து ஏ, பி, சி, டி என்று அவை வகைப்படுத்தப்படுகின்றன. 2023 அக்டோபர் முதல் சி, டி ஆகிய உயர் ஆபத்து வகைகளுக்கும் உரிமம் கட்டாயமானது. மருத்துவ மென்பொருளுக்கான வரைவு வழிகாட்டியை மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 அக்டோபரில் வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. இவை அனைத்தும் தயாரிப்பாளரைக் கட்டுப்படுத்துபவை. விற்பனைக்கு வரும்போது கருவி எப்படி இருந்தது என்பதை உரிமம் சொல்லும். ஓர் ஆய்வகத்தில் இன்று காலை அது எப்படிப் படிக்கிறது என்பதைச் சொல்லாது.

ஆய்வகமோ மாநிலப் பட்டியலின் விவகாரம். மருத்துவமனைகளையும் ஆய்வகங்களையும் நெறிப்படுத்தும் மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தை நாடாளுமன்றம் 2010-இல் இயற்றியபோது, அருணாசலப் பிரதேசம், இமாசலப் பிரதேசம், மிசோரம், சிக்கிம் ஆகிய மாநிலங்களின் தீர்மானங்களைக் கொண்டு, அரசியல் சட்டத்தின் 252-ஆவது பிரிவின்கீழ்தான் இயற்ற முடிந்தது. விரும்பும் மாநிலங்கள் அதை ஏற்கலாம். சில மாநிலங்கள் ஏற்றன. தமிழ்நாடு போன்றவை தமக்கென ஏற்கெனவே தனிச் சட்டம் வைத்துள்ளன. ஆய்வகங்களுக்கான குறைந்தபட்சத் தரங்கள் மத்திய சட்டத்தின்கீழ் 2018-இல் அறிவிக்கப்பட்டன. எனினும், கணினி ஒதுக்கிய ஸ்லைடுகளில் எத்தனை சதவீதத்தை மனிதர் மறுபடி பார்க்க வேண்டும், ஒருவர் நாளொன்றுக்கு எத்தனை ஸ்லைடுகள் பார்க்கலாம் என்று அமெரிக்க விதிகளைப்போல எண்ணிட்டுச் சொல்லி நாடு முழுவதையும் கட்டுப்படுத்தும் சட்டம் இங்கில்லை. ஐஎஸ்ஓ 15189 தரத்தின்படி ஆய்வகங்களை மதிப்பிட்டு அங்கீகாரம் அளிக்கும் என்ஏபிஎல் அமைப்பு உண்டு. ஆனால், அந்த அங்கீகாரத்தைப் பெறுவது ஆய்வகத்தின் விருப்பத்தைப் பொறுத்தது.

மூன்றாவதாக, ஆய்வகத் தொழில்நுட்பர்கள். இவர்களையும் உள்ளடக்கிய துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021-இல் நிறைவேறியது. அது கல்வித் தகுதியையும் பதிவையும் பற்றியது. ஆய்வக அறிக்கைகளில் நோய்க்குறியியலில் முதுநிலைத் தகுதி பெற்ற, பதிவு செய்யப்பட்ட மருத்துவரே கையொப்பமிட வேண்டும் என்பதை 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பு வந்தது, ஸ்லைடை மனிதர் படிப்பதாகக் கருதப்பட்ட நிலையில். பல பத்தாயிரம் செல்களில் கணினி தேர்ந்தெடுத்த சிலவற்றை மட்டும் பார்த்துவிட்டு மருத்துவர் இடும் கையொப்பம், பார்க்காத செல்களுக்கும் பொறுப்பேற்கிறதா? தவறு நேர்ந்தால் பதில் சொல்ல வேண்டியவர் மருத்துவரா, ஆய்வக உரிமையாளரா, மென்பொருள் நிறுவனமா? இந்தக் கேள்வி மூன்று சட்டங்களுக்கும் இடையே உள்ள இடைவெளியில் விழுந்துவிடுகிறது.

மருத்துவக் கருவிகளால் விளையும் தீங்குகளைப் பதிவு செய்வதற்கான தேசியத் திட்டம் ஒன்று 2015-இல் தொடங்கப்பட்டது. காசியாபாதில் உள்ள இந்திய மருந்துத் தரநூல் ஆணையம் அதை ஒருங்கிணைக்கிறது. இதயத்தில் வைத்த கருவி பழுதானால் நோயாளிக்குத் தெரியும். மருத்துவர் புகார் செய்வார். கணினி தவறவிட்ட செல்லைப் பற்றி யார் புகார் செய்வது? அது தவறவிடப்பட்டது என்பதே சில ஆண்டுகள் கழித்து, நோய் முற்றிய பிறகுதான் தெரியவரும். அப்போது பழைய ஸ்லைடைத் தேடி எடுத்துப் பார்க்கும் வழக்கம் இருந்தால்தான் காரணமும் தெரியும்.

முயற்சிகள் இல்லாமல் இல்லை

அரசுத் துறையில் இந்தத் தொழில்நுட்பம் புதிதல்ல. திருவனந்தபுரத்தில் உள்ள சி-டாக் நிறுவனம், அங்குள்ள மண்டலப் புற்றுநோய் மையத்துடன் இணைந்து "செர்விஸ்கேன்' என்ற கருவியை உருவாக்கியது. நொய்டாவில் உள்ள ஐசிஎம்ஆரின் தேசியப் புற்றுநோய்த் தடுப்பு, ஆராய்ச்சி நிறுவனம், செல்லியல் ஆராய்ச்சி மையமாகத் தொடங்கி வளர்ந்த ஒன்று. மருத்துவத்தில் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவதற்கான நெறிமுறைகளையும் ஐசிஎம்ஆர் 2023-இல் வெளியிட்டது. பாதுகாப்பு, பொறுப்புடைமை, நோயாளியின் சம்மதம் ஆகியவை அதில் வலியுறுத்தப்பட்டுள்ளன. ஆனால், நெறிமுறை என்பது அறிவுரை. மீறினால் தண்டனை கிடையாது.

2022 செப்டம்பரில் நாடாளுமன்றத்தின் சுகாதாரத் துறை நிலைக்குழு, புற்றுநோய் சிகிச்சை பற்றி ஓர் அறிக்கையும், மருத்துவக் கருவிகளின் ஒழுங்குமுறை பற்றி மற்றோர் அறிக்கையும் அளித்தது. கருவி ஓர் அறிக்கையிலும் நோய் மற்றோர் அறிக்கையிலும் இடம்பெற, இரண்டும் சந்திக்கும் ஆய்வக மேஜை தனிக் கவனம் பெறாமல் போவதே நம் நிர்வாக அமைப்பின் வழக்கம்.

செல்லியல் சோதனையே இனி தேவையில்லை என்ற வாதமும் உண்டு. அதற்கு வலுவான ஆதாரம் இந்தியாவிலிருந்தே கிடைத்தது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1.31 லட்சம் பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2009-இல் வெளியானது. ஒரே ஒரு முறை ஹெச்பிவி சோதனை செய்யப்பட்ட பெண்களிடையே இறப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. பாப் சோதனையால் குறிப்பிடத்தக்க அளவு இறப்பு குறையவில்லை. மத்திய அரசின் 2016-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் பாப் சோதனையை நம்பவில்லை. 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறை, அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய முறையையே அது பரிந்துரைத்தது.

ஆனால், கேள்வி இதோடு முடிந்துவிடவில்லை. ஹெச்பிவி இருப்பதாகத் தெரிந்த பெண்களில் யாருக்கு மேல்சிகிச்சை தேவை என்று பிரித்தறியப் பல நாடுகளில் இன்றும் செல்லியலே உதவுகிறது. மார்பு, தைராய்டு, நிணநீர்க் கட்டிகளில் ஊசி மூலம் செல்களை எடுத்துப் பார்ப்பது இந்திய மருத்துவமனைகளில் அன்றாட நிகழ்வு. அமிலம் தடவிய இடத்தைக் கைப்பேசியில் படமெடுத்துக் கணினியிடம் கேட்கும் முறைகளும் சோதிக்கப்பட்டு வருகின்றன. எந்த முறையானாலும், படத்தைப் பார்த்து முடிவு சொல்வது இயந்திரம் என்றால், அதைச் சரிபார்க்கும் முறையும் கூடவே வந்தாக வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன?

இதற்குப் பெரும் செலவு ஆகாது என்பதே ஆறுதல். ஒவ்வொரு ஆய்வகமும் மென்பொருளைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் முன், தன் சொந்த ஸ்லைடுகளில், தன் சொந்தச் சாயத்தில் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். விடை தெரிந்த சில ஸ்லைடுகளை நாள்தோறும் காலையில் கணினியிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். இதுவே ஆய்வகத்தின் மாதிரி வாக்குப்பதிவு. ஒதுக்கப்பட்டவற்றில் குறிப்பிட்ட சதவீதத்தை, கணினி என்ன சொன்னது என்று அறியாத ஒருவர் மறுபடி பார்க்க வேண்டும். மென்பொருளின் பதிப்பு மாறினால் சோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். திசுப் பரிசோதனையில் புற்று உறுதியானால் பழைய ஸ்லைடை எடுத்து ஒப்பிட வேண்டும்.

ஆய்வகங்களுக்கு விடை சொல்லாமல் மாதிரிகளை அனுப்பி, அவை தரும் முடிவுகளை ஒப்பிடும் வெளித் தர மதிப்பீடு இந்தியாவுக்குப் பழக்கமானதே. உயிர்வேதியியல் சோதனைகளுக்கு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும், ரத்தவியல் சோதனைகளுக்கு தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையும் இத்தகைய திட்டங்களை நடத்தி வருகின்றன. ஸ்லைடின் படத்தை அனுப்புவது ரத்த மாதிரியை அனுப்புவதைவிட எளிது. கணினி படிக்கும் ஆய்வகங்களுக்கும் இதை விரிவுபடுத்துவதில் தொழில்நுட்பத் தடை ஏதுமில்லை.

விதிகள் மட்டுமே காப்பாற்றிவிடும் என்று சொல்வதற்கும் இல்லை. அயர்லாந்தில் விக்கி ஃபெலன் என்ற பெண்ணுக்கு 2011-இல் எடுக்கப்பட்ட பாப் சோதனையில் நோய் அறிகுறி இல்லை என்று தெரிவிக்கப்பட்டது. அந்த ஸ்லைடு படிக்கப்பட்டது, கடுமையான விதிகள் உள்ள அமெரிக்காவில். 2014-இல் அவருக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. பழைய ஸ்லைடை மறு ஆய்வு செய்தபோது முதல் முடிவு தவறு என்று தெரியவந்தது. அந்த உண்மை அவருக்குச் சொல்லப்பட்டது 2017-இல்தான். 2018-இல் அவர் நீதிமன்றத்தை நாடியபோது, அவரைப்போலவே 200-க்கும் மேற்பட்ட பெண்களின் ஸ்லைடுகள் மறு ஆய்வு செய்யப்பட்டிருந்ததும், பெரும்பாலோருக்கு அது தெரிவிக்கப்படாததும் வெளிவந்தது. அந்நாட்டு நாடாளுமன்றம் கொந்தளித்தது. விக்கி ஃபெலன் 2022 நவம்பரில் காலமானார்.

அயர்லாந்தில் மறு ஆய்வு நடந்தது, மறைக்கப்பட்டது. அதனால் ஒரு பெண் வழக்காட முடிந்தது. மறு ஆய்வே கட்டாயமில்லாத நாட்டில், தவறவிடப்பட்ட பெண்ணுக்கு வழக்காடுவதற்குக்கூட ஆதாரம் இருக்காது. "காலம் கடந்து வந்துவிட்டீர்கள்' என்று மருத்துவமனையில் சொல்லும்போது, பழியைத் தன்மீதே போட்டுக்கொண்டு அவர் தலை குனிவார்.

மருத்துவத்தில் செயற்கை நுண்ணறிவை ஊக்குவிக்க அரசு என்ன செய்துள்ளது என்ற கேள்வி நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் எழுப்பப்படுவதுண்டு. திட்டங்களின் பட்டியல் பதிலாக வரும். அடுத்த முறை கேட்கும் உறுப்பினர் கூடுதலாக ஒன்றையும் கேட்கலாம். கணினி "நோயில்லை' என்று ஒதுக்கிய ஸ்லைடுகளில் எத்தனை, மனிதரால் மறுபடி பார்க்கப்பட்டன? அவற்றில் எத்தனை தவறு? இந்த இரண்டு எண்களையும் ஒவ்வொரு ஆய்வகமும் அறிவிக்க வேண்டும் என்ற விதி வந்தாலே, ஒரே ஒரு முறை சோதனைக்கு வரும் பெண்ணின் கையில் தரப்படும் சீட்டுக்கு ஒரு மதிப்பு இருக்கும்.